கல்லூரியில் கொடி நாட்டிய கோச், என்பிஏவில் ஏன் தடுமாறுகிறார்?

2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, கல்லூரிக் கூடைப்பந்து கோச் டான் ஹர்லிக்கு ஆறு ஆண்டு, 7 கோடி டாலர் என்று விலை பேசியது. லேக்கர்ஸ் ஆடுவது என்பிஏவில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டார். 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு கல்லூரிப் பட்டங்களை வென்ற சூடு ஆறாத நேரம் அது. "இவ்வளவு பெரிய வாய்ப்பை ஒருவர் ஏன் உதறுகிறார்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஹர்லியின் மனக்கணக்கு அவரோடு. அவருக்கு முன்னால் கல்லூரியிலிருந்து என்பிஏவுக்குப் படி ஏறியவர்களின் கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ரிக் பிடினோ 1996இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்து, 102 வெற்றி, 146 தோல்வியோடு 2001 ஜனவரியில் விலகினார். ஜான் காலிபாரி நியூஜெர்சி நெட்ஸில் 72-112 (முதலில் வெற்றி, அடுத்து தோல்வி). மைக் மாண்ட்கோமரி கோல்டன் ஸ்டேட்டில் 68-96. டிம் ஃபிளாய்ட் சிகாகோ புல்ஸில் 49-190. மிச்சிகன் பல்கலைக்கழகத்தை இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன ஜான் பீலைன், கிளீவ்லாந்தில் 14-40 ஆனபோது சீசன் பாதியிலேயே கிளம்பிவிட்டார். ஜெர்ரி டார்கேனியன் சான் அன்டோனியோவில் தாக்குப்பிடித்தது 20 ஆட்டம்.

இதற்கு 'ராசியில்லை' என்று ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். அங்கே அதற்கு 'சாபம்' என்று பெயர். ராசி என்ற சொல் காரணம் தேடும் வேலையை மிச்சப்படுத்துகிறது. அதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் காரணம், பின்னூட்டம். மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால் கூவுமே, அது நேர்மறைப் பின்னூட்டம். கல்லூரிக் கூடைப்பந்து அந்த வகை. ஜெயிக்கிற கோச்சின் வீட்டு வாசலுக்கு நாட்டின் சிறந்த பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். அவர்களை வைத்து இன்னும் ஜெயிக்கிறார். அடுத்த ஆண்டு இன்னும் நல்லவர்கள் வருகிறார்கள். என்பிஏ, ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட் போல. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்டில்' தோற்கிற அணிக்கே முன்னுரிமை, சம்பளத்துக்கு உச்சவரம்பு. மேலே போகிறவரை இழுப்பதும் கீழே கிடப்பவரைத் தூக்குவதுமாக அமைப்பே வேலை செய்கிறது. ஆள் பிடிக்கும் திறமைதான் ஒரு கல்லூரி கோச்சின் பெருஞ்சொத்து. என்பிஏ கோச் பதவியில் அந்தச் சொத்து செல்லாத நோட்டு.

ஆனால் இது பாதிக் கதை. மீதி, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் மிக அழகான பகுதி 'ஃபுல் கோர்ட் பிரஸ்'. பிடினோ பேர் வாங்கியதே அதில்தான்.

களத்தின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றே: 94 அடி நீளம், 50 அடி அகலம். நாம் கூடை போட்டதும் எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட வேண்டும். சாதாரணமாகத் தடுக்கும் அணி பின்னால் ஓடி, தன் கூடையைச் சுற்றிக் காவல் நிற்கும். பிரஸ் என்றால் ஓடுவதில்லை, அங்கேயே மறிப்பது. பந்து வைத்திருப்பவரைப் பக்கக்கோட்டின் மூலைக்குத் தள்ளி, இரண்டு பேர் கையை உயர்த்திக்கொண்டு சூழ்வார்கள். இதுதான் 'டிராப்'. பக்கக்கோடு சம்பளம் இல்லாத மூன்றாவது காவலாளி. இப்போது மீதி நான்கு பேரைப் பார்த்துக்கொள்ள நம்மிடம் மூன்று பேர்தான். ஆக, எதிரணியில் ஒருவர் எப்போதும் ஆளில்லாமல் நிற்கிறார். பந்து அவரிடம் நேரத்துக்குப் போய்ச் சேராது என்பதுதான் பந்தயம்.

ஏன் போய்ச் சேராது? உயர்த்திய நான்கு கைகளைத் தாண்டுவதற்குப் பந்தை மேலே தூக்கிப் போட வேண்டும். மேலே போன பந்து கீழே வர எடுக்கும் நேரம் பள்ளிக்கூட இயற்பியல். கையிலிருந்து 2 மீட்டர் மேலே எழும்பினால், அதே உயரத்துக்குத் திரும்ப 1.28 விநாடி. எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இதில் வேலையே இல்லை. உயரம் மட்டும்தான் தீர்மானிக்கிறது. அதே பந்து 0.8 மீட்டர்தான் எழும்பியது என்றால் 0.81 விநாடி. வித்தியாசம் அரை விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. விநாடிக்கு 6 மீட்டர் ஓடும் காவலர் அதற்குள் கிட்டத்தட்ட 3 மீட்டர் கூடுதலாகக் கடந்துவிடுவார். பந்தை வழிமறிக்க அந்த 3 மீட்டர் போதும். டிராப் போடுகிறவர்கள் பந்தைப் பிடுங்க நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் பந்தை உயரமாகப் போட வைக்கவே நிற்கிறார்கள். திருடுவது பின்னால் காத்திருக்கும் மூன்றாமவர்.

கல்லூரியில் பந்தைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றி நிற்கும், அதிக உயரமில்லாத பையன். அவன் போடுவது 2 மீட்டர் எழும்பும் 'லாப்', உயரத் தூக்கிப் போடும் பந்து. என்பிஏவில் அந்த வேலையை ஆறரை அடி மனிதர்கள் பலர் செய்கிறார்கள். பந்து அவர்கள் கையை விட்டுக் கிளம்பும் இடமே உயரம். ஓடுகிற ஓட்டத்தில் ஒற்றைக் கையால் டிராப்பின் பக்கவாட்டில் தட்டையாக வீசுவார்கள். காவலருக்கு அந்த 3 மீட்டர் கிடைக்காது. பந்து நடுக்களத்தில் நிற்பவருக்குப் போனால், நம் கூடையை நோக்கி மூன்று பேர் வர, தடுக்க இரண்டே பேர். 2001 முதல் என்பிஏவில் நடுக்கோட்டைத் தாண்ட 8 விநாடிதான், கல்லூரியில் 10. விதி பிரஸ்ஸுக்குச் சாதகமாக மாறிய பிறகும் யாரும் அதை முழுநேர ஆயுதமாக எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பின்வருபவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். கல்லூரியில் எதிரணி 100 முறை பந்தைக் கொண்டுவந்தால், சாதாரணத் தடுப்புக்கு எதிராக 100 புள்ளி எடுக்கிறது என்போம். பிரஸ் போட்டால் 25 முறை பந்தை இழக்கிறது: புள்ளி இல்லை. 25 முறை பிரஸ்ஸை உடைக்கிறது: தடவைக்கு 1.3 வீதம் 32.5. மீதி 50 முறை மெதுவாக வந்து சேர்ந்து, நேரம் குறைந்த நிலையில் தடவைக்கு 0.95 வீதம் 47.5. மொத்தம் 80. இருபது புள்ளி லாபம். என்பிஏவில் சாதாரணக் கணக்கு 108 என்று வையுங்கள். பிரஸ் போட்டால் 10 முறைதான் பந்து கிடைக்கிறது; 40 முறை உடைகிறது, தடவைக்கு 1.5 வீதம் 60; மீதி 50 முறைக்கு 1.05 வீதம் 52.5. மொத்தம் 112.5. கால் நோக ஓடியும் நாலரைப் புள்ளி நஷ்டம்.

இந்தக் கணக்கில் ஒரு திருகாணி இருக்கிறது: அந்த 1.5. உடைத்துக்கொண்டு வருபவர்களை எதிர்கொள்ளக் கூடைக்கு அடியில் ஒரு மலை நின்றால் அது 1.2 ஆகலாம். அப்போது மொத்தம் 100.5, பிரஸ் மறுபடி லாபம். பிடினோவே 1988-89இல் நியூயார்க் நிக்ஸை பிரஸ் ஆட வைத்து 52 வெற்றி பெற்றார். பின்னால் நின்ற மலை, பேட்ரிக் யூயிங். செல்டிக்ஸுக்கு வந்தபோதும் அப்படி ஒருவரைத்தான் எதிர்பார்த்தார். 1997 டிராஃப்டில் முதலில் தேர்ந்தெடுப்பது யார் என்று பார்க்கும் குலுக்கலில், முதல் இடம் விழ பாஸ்டனுக்கு 36% வாய்ப்பு இருந்தது. விழுந்திருந்தால் டிம் டங்கன் என்ற இன்னொரு மலை கிடைத்திருக்கும். குலுக்கல் சான் அன்டோனியோவுக்குப் போனது. டங்கன் இல்லாமலே பிடினோ பிரஸ்ஸைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 31, முதல் ஆட்டத்திலேயே மைக்கேல் ஜார்டனின் சிகாகோவை 92-85 என்று வீழ்த்தினார்கள். சீசன் முடிந்தபோது 36-46. முந்தைய ஆண்டின் 15-67க்கு இது முன்னேற்றம்தான். ஆனால் அதற்கு மேல் அவர் காலத்தில் எந்த முழு சீசனிலும் வெற்றி தோல்வியை மிஞ்சவே இல்லை.

களைப்பையும் சேர்க்க வேண்டும். கல்லூரி அணி ஆண்டுக்கு 35 ஆட்டம் ஆடினால், ஆட்டத்துக்கு 40 நிமிடம் வீதம் 1,400 நிமிடம். என்பிஏவில் 82 ஆட்டம், 48 நிமிடம்: 3,936. அங்கே வாரம் மூன்று நான்கு ஆட்டங்கள், நடுவில் விமானப் பயணம். பிரஸ்ஸின் உயிர் பயிற்சியில் இருக்கிறது. என்பிஏ சீசன் நடுவில் பயிற்சிக்கு நாளே கிடைப்பதில்லை.

ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கும் இதே கதி. கல்லூரியில் ஒரு நெட்டையரைக் கூடைக்கு அடியில் நிரந்தரமாக நிறுத்தலாம். என்பிஏவில் யாரையும் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. மூன்று புள்ளிக் கோடும் 22 அடி 1¾ அங்குலத்திலிருந்து 23 அடி 9 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. (கல்லூரிக் கோடு 2019 முதல் சர்வதேசக் கோடு, நம் ஊர்க் களங்களில் வரைகிற அதே 6.75 மீட்டர்.) காக்க வேண்டிய நிலம் பெரிதாக, காவலாளியின் சுதந்திரம் சிறிதாகிறது.

அடுத்தது, எத்தனை முறை மோதுகிறோம் என்பது. கல்லூரிப் பட்டத்துக்கு ஆறு நாக்-அவுட் ஆட்டம் போதும். வித்தியாசமான ஓர் உத்தியால் பலமான அணியை வெல்ல 30% வாய்ப்பு இருந்தால், ஒற்றை ஆட்டத்தில் அது 30 சதவீதமேதான். என்பிஏ பிளே-ஆஃபில் ஏழில் நான்கு வெல்ல வேண்டும். அதே 30%, தொடராகும்போது சுமார் 12.6% ஆகச் சுருங்குகிறது. எதிரணி கோச் இரண்டாவது ஆட்டத்துக்குள் அந்த உத்தியைப் படித்துவிடுவார் என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

அதிகாரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்லூரியில் யார் ஆடுவது என்பது கோச்சின் கையில். பையனின் எதிர்காலமே அதில் தொங்குகிறது. என்பிஏ நட்சத்திரத்துக்குச் சம்பளம் உத்தரவாதம், அதுவும் கோச்சைவிடப் பல மடங்கு. கத்தி வேலை வாங்கும் வழக்கத்தோடு கல்லூரியிலிருந்து வந்தவர் பி.ஜே. கார்லெசிமோ. 1997 டிசம்பர் 1 அன்று பயிற்சியின்போது அவருடைய கோல்டன் ஸ்டேட் அணியின் நட்சத்திரம் லாட்ரெல் ஸ்ப்ரீவெல் அவர் கழுத்தை நெரித்தார்; ஸ்ப்ரீவெல்லுக்கு 68 ஆட்டத் தடை கிடைத்தது. உச்சகட்ட உதாரணம்தான். ஆனால் பிடி எந்தப் பக்கம் என்பது அதில் தெரிகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, தோற்றவர்களுக்காக ஒரு வாதம் வைக்க வேண்டும். புள்ளியியலில் இதற்குத் தேர்வுச் சாய்வு என்று பெயர். நல்ல அணியில் கோச் வேலை எளிதில் காலியாவதில்லை. ஃபிளாய்ட் புல்ஸில் தன் முதல் சீசனைத் தொடங்கிய 1999இல், அணிக்குப் பட்டங்கள் வாங்கித் தந்த ஜார்டன், பிப்பன், ராட்மன், கோச் ஃபில் ஜாக்சன் நால்வருமே போய்விட்டிருந்தார்கள். பீலைன் வாங்கியது முந்தைய ஆண்டு 19-63 ஆன அணி. அந்த அணிகளை யாரிடம் கொடுத்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது. அவர்களைக் கேலி செய்கிறவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதே இல்லை.

நிலைத்தவர்களைப் பார்த்தால் படம் தெளிகிறது. பட்லர் கல்லூரியை 2010, 2011 இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன பிராட் ஸ்டீவன்ஸ், 2013இல் அதே செல்டிக்ஸுக்கு வந்தார். முதல் ஆண்டு 25-57. ஆனால் ஆறு ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தது. அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று நிர்வாகமே அறிவித்திருந்தது. ஆள் எடுக்கும் பொறுப்பு நிர்வாகி டேனி ஐஞ்சிடம். பிடினோவிடம் தலைவர், கோச் இரண்டு நாற்காலியும் இருந்தன. 1997 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த சான்சி பில்லப்ஸை 51 ஆட்டத்தோடு அவர் டொரான்டோவுக்கு மாற்றிவிட்டார். அதே பில்லப்ஸ் 2004 என்பிஏ இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், டெட்ராய்ட்டில். அங்கே அவருடைய கோச் லாரி பிரவுன்: கல்லூரிப் பட்டம், என்பிஏ பட்டம் இரண்டையும் வென்ற ஒரே கோச். இரண்டு நாற்காலியையும் ஒருவருக்கே கொடுத்தது உரிமையாளர்களின் தவறு என்பதே என் கருத்து. வாங்கிக்கொண்டவரின் தவறு அதில் பாதிதான்.

இப்போது கல்லூரிப் பக்கமே மாறிவருகிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம்; ஒரு ஆண்டு உட்கார்ந்து காத்திராமல் வேறு கல்லூரிக்குத் தாவலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். பிடி கோச்சின் கையிலிருந்து நழுவுகிறது. 2019இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்த கோச் டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவன் இல்லை என்று சொல்லி ஒதுங்கினார். அவர் என்பிஏ கோச் ஆனதே இல்லை.