சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

டிரெட்மில் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை என்று சான்று பெற்றவருக்குச் சில வாரங்களிலேயே மாரடைப்பு வருவது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போலத் தமனிக்குள் கொழுப்பு மெல்ல மெல்லப் படிந்து ஒரு நாள் முழுவதுமாக அடைத்துக்கொள்கிறது என்று பலரும் எண்ணுவதால் எழும் கேள்வி இது.

பெருந்தமனியின் அடியில் கிளைக்கும் இரண்டு கரோனரி தமனிகள்தாம் இதயத் தசைக்கு இரத்தம் தருகின்றன. தன்னிடம் வரும் ஆக்சிஜனில் சுமார் 70 விழுக்காட்டை இத்தசை ஓய்வின்போதே எடுத்துக்கொண்டுவிடுவதால், வேலை கூடினால் இரத்த ஓட்டமும் கூடியே ஆக வேண்டும். அதற்கு வழி இருக்கிறதா என்பதை மட்டுமே டிரெட்மில் சோதிக்கிறது.

கொழுப்போ தமனியின் சுவருக்குள்ளே சேர்கிறது. அங்கே நுழைந்த, கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களை அகற்ற வரும் வெள்ளணுக்கள், அவற்றைத் தின்று பெருத்து அங்கேயே மடிய, அந்தக் கூழின் மேல் கொலாஜன் நாரால் ஆன மூடி ஒன்று உருவாகிறது. சுவர் வெளிப்புறமாகப் புடைத்து இடம் கொடுப்பதால், உட்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் படிவு பிடிக்கும்வரை இரத்தம் ஓடும் வழி சுருங்காமலே இருக்கக்கூடும் என்று, இறந்தோரின் இடது முதன்மைத் தமனிகளை அளந்து 1987இல் ஆய்வாளர் கிளாகோவ் குழுவினர் காட்டினர்.

எனக்கு வியப்பு தருவது அந்த மூடிதான். துப்புரவுக்கு வந்த வெள்ளணுக்களே கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து அதை அரிக்கின்றன. 65 மைக்ரோமீட்டருக்கும் குறைவாக மெலிந்த மூடி எளிதில் கிழியக்கூடியது. கிழிந்ததும் கூழ் இரத்தத்தைத் தொடுகிறது. காயம்பட்ட விரலில் இரத்தம் கசிவதை நிறுத்தும் அதே தட்டணுக்களும் அதே உறைதல் வினையும், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனியை அடைத்துவிடுகின்றன. மூடி கிழியாமல் உட்படலம் உரிந்தும் இப்படி நேர்வதுண்டு.

இந்த உறைவு மாரடைப்பின் காரணமா, விளைவா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. வலி தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டோரில் 87 விழுக்காட்டினருக்குத் தமனி முழுவதுமாக அடைபட்டிருந்ததை 1980இல் மருத்துவர் டிவுட் குழுவினர் வெளியிட்ட பிறகே, உறைவைக் கரைக்கும் சிகிச்சைக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது. இஞ்சி, பூண்டுச் சாறு அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகள், கரைக்க வேண்டியது எது என்பதைக்கூட அறியாதவை. அவற்றை நம்பி இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தசையின் இழப்பு.

நெஞ்சுவலியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. இவற்றில் முதல் இரண்டும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை.