மொட்டை மாடிப் பூச்சு ஏன் உரிகிறது?

2025 பொங்கலுக்கு முந்தின வாரம், துணி காயப்போடப் போன அம்மா மாடியிலிருந்தே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், புரட்டாசியில் அடித்த வெள்ளைப் பூச்சு முழுக்கக் கொப்புளம். சில மிளகு அளவு, சில உளுந்து வடை அளவு. ஓர் ஊக்கை எடுத்து பெரிய கொப்புளம் ஒன்றைக் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

மழைத் தண்ணீர் கரிக்காது. எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காற்றில் வரும் உப்பு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே உப்பு மாடித் தளத்தின் மேலும் படிகிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி கசகசப்பது இதனால்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே இருக்கும். ஆகவே மதியம் எலும்பு மாதிரி காய்ந்து தெரியும் தளம், இரவில் மெல்லிய உப்புநீர்ப் படலத்தோடு கிடக்கும். அதன் மேல் பூச்சு அடித்தால் உப்பு உள்ளே சிறைப்படும். பூச்சு என்பது சல்லடை மாதிரி. நீர் மூலக்கூறு மெதுவாக நுழையும், உப்பு நுழையாது. மேலே சுத்தமான மழைநீர், கீழே உப்பு. நீர் உப்பு இருக்கும் பக்கம் போகும். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். உள்ளே போன நீர் பூச்சைத் தூக்குகிறது, கொப்புளம் வருகிறது.

நாங்கள் செய்த தவறு இன்னும் ஒரு படி மேலே. பாசியை எடுக்க பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, போர் தண்ணீரால் கழுவினோம். போர் தண்ணீரே உப்பு. பிளீச்சிங் பவுடர் மிச்சம் வைக்கும் கால்சியம் குளோரைடோ, சமையல் உப்பைவிட அதிகமாக ஈரத்தை இழுப்பது. கழுவினோம் என்று நினைத்தோம். உண்மையில் தளத்துக்கு உப்புப் போட்டோம். இந்த முறை கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் லாரி சொல்லி, இரண்டு தடவை அலசினோம். செலவுதான். ஆனால் மொத்த வேலையிலும் மனசாரச் செய்த செலவு அது.

பூச்சு உரிவதற்கு இன்னொரு காரணம் பொடி. இதை நான் புரிந்துகொண்டது அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனால். அவனிடம் ஒரு வீட்டு வண்டி இருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்து, விடுமுறைக்கு ஊர் ஊராக ஓட்டிப் போகும் வண்டி. அங்கே இத்தகைய வண்டிகள் பலவற்றின் கூரை ரப்பர் விரிப்பு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். ஒரு நாள் வீடியோ காலில் வந்தான்.

"அண்ணா, கூரைக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்?"

"முதல்ல கையால தேச்சுக் காட்டுடா" என்றேன். தேய்த்தான். உள்ளங்கை சாக்பீஸ் பிடித்த வாத்தியார் கை மாதிரி வெளுத்திருந்தது.

அந்த ரப்பருக்கு இ.பி.டி.எம். என்று பெயர், எத்திலீன், புரொப்பிலீன், கொஞ்சம் டையீன் சேர்ந்தது. கார் கதவைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர் பட்டையும் இதுவே. இதன் மூலக்கூறின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஓசோனும் வெயிலும் கடித்து அறுக்க இடம் இல்லாததால் வெட்டவெளியில் பல வருடம் தாங்கும். கூரை விரிப்பில் அடிப்பக்கம் கறுப்பு, மேல்பக்கம் வெள்ளை. வெயில் பட்டு மேல்தோல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகிக் கழன்றுகொண்டே இருக்கும். வெள்ளை தேய்ந்து கறுப்பு எட்டிப் பார்க்கும்போது புதுப் பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பொடியின் மேல் அடித்த பூச்சு பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், கூரையை அல்ல. அதனால் அவன் தேய்த்துக் கழுவி, கை வெளுக்காமல் ஆகும் வரை போக வேண்டும். அப்புறம் அந்த ரப்பருக்கென்றே விற்கும் பிரைமர். எண்ணெய்ப் பசை இருந்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கவே கூடாது. பெட்ரோலும் இந்த ரப்பரும் ஒரே ஹைட்ரோகார்பன் குடும்பம். உறவுக்காரன் வீட்டுக்குள் நுழைவதுபோல ரப்பருக்குள் நுழைந்து அதை ஊத வைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

அவனுக்குச் சொல்லி முடித்துவிட்டு, எங்கள் மாடியில் பெயர்ந்து கிடந்த ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். தோசை மாதிரி முழுசாக வந்திருந்தது. அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. எப்போதோ அப்பா அடித்த சுண்ணாம்பு! ரப்பருக்கு நான் சொன்ன புத்தி எங்கள் தளத்துக்கும் பொருந்தியிருக்கிறது.

சரி, வாளிக்குள் என்ன இருக்கிறது? நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது நீரில் கலந்த அக்ரிலிக் பூச்சு. பால் ஏன் வெள்ளை? நீரில் மிதக்கும் நுண்ணிய கொழுப்பு, புரதத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால். அக்ரிலிக்கும் அப்படித்தான், சில நூறு நானோமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகப் போக, உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, கடைசியில் ஒன்றின் சங்கிலி இன்னொன்றுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். இது நிதானமாக நடக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் மேல்பக்கம் மட்டும் ஏடு கட்டி, உள்ளிருக்கும் நீர் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளை நிறம் தருவது டைட்டானியம் டையாக்சைடு. ஒளியைச் சிதறடிப்பதில் கெட்டிக்காரன். புற ஊதாக் கதிரையும் தானே உறிஞ்சி அடியில் இருப்பதைக் காக்கிறது. புதிதாக அடித்த நல்ல பூச்சு வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். சித்திரை மதியம் வெறுங்காலோடு அதில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தூசியும் பாசியும் படியப் படிய இந்தப் பலன் குறையும். வருடம் ஒரு முறை கழுவினால் பெரும்பகுதி திரும்பி வரும்.

கனம் பற்றிப் பேசாமல் நகர முடியாது, ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். பூச்சில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் அடித்தால் ஈரத்தில் ஒரு மில்லிமீட்டர், காய்ந்தபின் அரை மில்லிமீட்டர். மழை தாங்கும் தோலுக்கு அந்த அரை மில்லிமீட்டராவது வேண்டும் என்பது என் கருத்து. ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். அப்படியானால் 93 லிட்டர், அதாவது ஐந்து பெரிய வாளி. பெரும்பாலான வீடுகளில் இருபது லிட்டர் வாளி ஒன்றைத் தண்ணீர் கலந்து இழுத்து அடித்து முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் காய்ந்த கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஜெராக்ஸ் காகிதத்தின் கனம் அது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் 30 முதல் டிசம்பர் 1 காலை வரை, புதுச்சேரியில் பெய்தது 46 சென்டிமீட்டர் மழை. நம் ஆயிரம் சதுர அடியில் அது சுமார் 43,000 லிட்டர். அவ்வளவு நீருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு காகிதம்!

வெடிப்பு இன்னொரு விஷயம். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவு நீளும். பத்து மீட்டர் தளம் இரவுக்கும் பகலுக்கும் முப்பது டிகிரி ஏறி இறங்கினால் மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த அசைவு வெடிப்பில்தான் வந்து சேரும். வாளியில் "300 சதவீதம் நீளும்" என்று எழுதியிருப்பதை நம்பி வெடிப்பின் மேல் நேராக அடித்துவிடக் கூடாது. ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, இரண்டு விரலையும் ஒட்டினாற்போல் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு விலக்கிப் பாருங்கள். நடுவில் மாட்டிய துளியூண்டு ரப்பர் மட்டும் இழுபட்டு அறுந்துவிடும். விரல்களைத் தள்ளிப் பிடித்தால் அதே விலகலைச் சுலபமாகத் தாங்கும். தளத்தோடு ஒட்டிய பூச்சு முதல் வகை. அதனால் வெடிப்பை V வடிவில் கீறி, நீளும் தன்மையுள்ள அடைப்பானை நிரப்பி, மேலே வலைத்துணி பதித்து, பிறகு பூச்சு. இழுவிசை நான்கு விரல் அகலத்துக்குப் பரவிவிடும். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலைக்கும், மழைநீர்க் குழாய் வாய்க்கும் இதே வைத்தியம். ஒழுகல் பாதி அங்கேதான் பிறக்கிறது.

எங்கள் மேஸ்திரி பூச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "சார், வாட்டத்தைப் பாருங்க" என்று சொல்லி, நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு இருந்தால் நீர் ஓடிவிடும். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் தாம்பாளம் அளவுக்குக் குளம் நின்றது. அக்ரிலிக்கின் பலவீனம் இதில் தெரியும். உருண்டைகளை நீரில் மிதக்கவைக்க உள்ளே சோப்பு மாதிரியான பொருள் சேர்த்திருப்பார்கள். காய்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். நாள்கணக்கில் நீர் நின்றால் உள்ளே இழுத்துப் பூச்சை ஊத வைத்து மென்மையாக்கும். பள்ளத்தைக் கலவை வைத்து நிரவியாக வேண்டும்.

நிரவ முடியாத இடத்துக்கு சிலிக்கோன் இருக்கிறது. அதன் முதுகெலும்பு கரிமம் இல்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி. தரையை அடையும் சூரிய ஒளியில் மிகவும் கடுமையான பகுதி, 300 நானோமீட்டர் அலைநீளத்தில், மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆற்றல் கொண்டது. கரிமம்-கரிமப் பிணைப்பை உடைக்க 350 போதும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புக்கு 450 வேண்டும். வெயிலால் அதை வெட்ட முடியாது. (அக்ரிலிக் எப்படித் தப்பிக்கிறது என்றால், அது அந்தக் கதிரை அதிகம் உறிஞ்சுவதில்லை.) சிலிக்கோன் நின்ற நீரையும் பொருட்படுத்தாது. ஆனால் ஈரத்தில் வழுக்கும், தூசியை இழுக்கும், அதன் மேல் சிலிக்கோன் தவிர வேறு எதுவும் ஒட்டாது. துணி காயப்போட அம்மா தினமும் ஏறும் மாடியில் அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். தம்பியின் வண்டிக் கூரையில் யாரும் நடப்பதில்லை. அவனுக்கு அது பொருந்தும், பின்னாளில் மனம் மாற முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால்.

இன்னொரு வகையான பாலியூரித்தேன் பூச்சு உறுதியானது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஈரத்தைக் கண்டால் கார்பன் டையாக்சைடு விடும். ஈரத் தளத்தில் அடித்தால் இட்லி மாவு மாதிரி பொங்கிக் குமிழ் விட்டுவிடும். மலிவான வகைகள் வெயிலில் மஞ்சளாகும். மேலே இன்னொரு காப்பு அடுக்கு கேட்கும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் பலகையால் அடித்தது, மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு. அத்தளம் நீரை உள்வாங்கி வெயிலில் வெளிவிட்டு மூச்சுவிடும். அதன் மேல் ஆவி புகாத பூச்சைப் போட்டு மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரம் வெளியே போக வழியில்லாமல் கீழே மரச் சட்டத்துக்கு இறங்கும். தட்டோட்டின் இணைப்பைச் சுண்ணாம்புக் கலவையால் பூசுவதே அதற்கு ஏற்றது.

மறுபடி அடிக்க பங்குனி வரை காத்திருந்தேன். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தளத்தில் விட்டு, பதினாறு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். முதல் தடவை அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நாலு நாள் கழித்து மறுபடி வைத்தபோது காய்ந்திருந்தது. பிரைமரை மாலை நான்கு மணிக்கு அடித்தோம். சூடு ஏறும் நேரத்தில் கான்கிரீட்டின் துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியே தள்ளி, பூச்சில் ஊசித்துளை போடும். சூடு இறங்கும்போது காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த மூன்று கோட்டும் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தோம், ஒன்று கிழக்கு மேற்காக, அடுத்தது வடக்கு தெற்காக. பனி இறங்குவதற்குள் காய ஒரு முழுப் பகல் கிடைக்கும்.

தொட்டி ஓரத்தில் ஒரு பழைய வேட்டித் துண்டை ஈரப் பூச்சில் பதித்து, ஒரு முனையை வெளியே விட்டு வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து மேஸ்திரி வந்து, முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார். வேட்டி கிழிந்தது. பூச்சு வரவில்லை.