நேரோபோட்: குறும்படகு அன்று, ஒடுங்கு படகு

இங்கிலாந்தின் கால்வாய்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் 'நேரோபோட்' (narrowboat) என்னும் கால்வாய்ப் படகு வகையைச் சிலர் 'குறும்படகு' என்கிறார்கள். சிலர் 'படகு வீடு' என்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போனதால் எழுதுகிறேன். இரண்டும் தவறு.

சொற்பிறப்பு எளிது. 'நேரோ' பழைய ஆங்கிலச் சொல். ஒடுங்கிய, நெருக்கமான என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி மத்திய இங்கிலாந்தில் கால்வாய் வெட்டியபோது நீர்ப்பூட்டுகளை (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், கதவு வைத்த தொட்டிகளை) ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்டினார். தண்ணீரும் மிச்சம், செலவும் மிச்சம். அவற்றுக்குள் நுழைய வேண்டிய சரக்குப் படகின் அகலமும் 7 அடிக்குள் அடங்கியது. நீளமோ 70 அடி வரை போகும்.

70 அடிப் படகு எப்படிக் குறும்படகாகும்? குறும்படம், குறுங்கதை, குறுஞ்செய்தி எல்லாம் நீளத்தில் சிறியவை. அந்த முன்னொட்டுக்கு இன்று தமிழ்க் காதில் வேறு பொருள் விழாது. 'குறுகிய தெரு என்கிறோமே' என்று கேட்கலாம். தெரு நீண்டு கிடப்பது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே குழப்பம் இல்லை. படகுக்கு அந்தக் காவல் கிடையாது. ஏரியில் துடுப்புப் போடும் சின்னப் படகைத்தான் வாசகர் நினைப்பார். கட்டிலும் விறகடுப்பும் குளியலறையும் ரயில்பெட்டிபோல ஒரே வரிசையில் அமைந்த இன்றைய எஃகுக் கலம் அவர் மனத்தில் வரவே வராது.

'படகு வீடு' இன்னும் மோசம். அந்தச் சொல்லை ஆலப்புழையும் ஸ்ரீநகரும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. சுற்றுலாப் பயணி இரவு தங்கிப்போகும் இடம் அது. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பிரிட்டனின் நீர்வழிச் சட்டத்தில் 'ஹவுஸ்போட்' தனி வகை. உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படும் கலம் அதில் சேராது. லண்டனில் வாடகை கட்டுப்படியாகாமல் ரீஜென்ட் கால்வாயிலும் லீ ஆற்றிலும் படகில் குடியேறியவர்கள் பலர். அவர்களில் நிலையான கட்டுதுறை இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையின் பள்ளி, வேலைக்குப் போகும் வழி, குடிநீர்க் குழாய், கழிவுத்தொட்டியைக் காலிசெய்யும் இடம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் நகர்கிறார்கள். படகை நகர்த்துவதே அவர்களுடைய உரிமத்தின் நிபந்தனை. அவர்கள் குடியிருக்கும் கலத்தை 'வீடு' என்று நிறுத்திவைப்பது அவர்களுடைய அன்றாடத்தையே மறைப்பது.

தனித்தமிழ் அன்பர்கள் 'பஃறி' என்கிறார்கள். உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகைப் பட்டினப்பாலை அப்படித்தான் அழைக்கிறது. எனக்கும் மிகப் பிடித்த சொல். ஆனால் அதில் அகலக் குறிப்பு இல்லை; பெரும்பாலோர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். 'கால்வாய்ப் படகு' தெளிவானது, ஆனால் பொதுப்பெயர். ரீஜென்ட் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் அகலமானவை. அங்கே இருமடங்கு அகலப் படகுகளும் ஓடுகின்றன. அவையும் கால்வாய்ப் படகுகள்தாமே?

ஆகவே 'ஒடுங்கு படகு' என்கிறேன். நல்ல வினைத்தொகை. யாழ்ப்பாணத்தில் 'ஒடுக்கமான ஒழுங்கை' (குறுகலான சந்து) அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டிலும் இது புரியாத சொல் அல்ல. 'ஒடுக்கப் படகு' மட்டும் வேண்டாம். சேர்த்து எழுதினால் 'ஒடுக்கப்பட' என்று கண் தடுக்கும்.

இதே எழுத்துகளில் உறுத்தும் இன்னொன்று 'கால்வாய்ப் புனரமைப்பு'. பர்மிங்காமின் கேஸ் தெருப் படகுத்துறை அருகே 1990-களில் பிரிண்ட்லிபிளேஸ் என்ற வளாகம் எழுந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸில் 2012-இல் கிரானரி சதுக்கம் திறந்தது. இரண்டு இடத்திலும் கால்வாய் பழைய தடத்திலேயே கிடக்கிறது. மாறியது கரை: கிடங்கு இருந்த இடத்தில் அலுவலகம், உணவகம், கல்லூரி. 'கரைப் புத்தாக்கம்' என்று எழுதினால் நடந்தது விளங்கும்.

நீர்ப்பூட்டை வெறும் 'பூட்டு' என்று சுருக்குவதையும் விட்டுவிட வேண்டும். 'படகுக்காரர் பூட்டைத் திறந்தார்' என்று படிப்பவருக்கு, மதகைத் திறந்து நீர்மட்டம் சமமாகும்வரை காத்திருந்து, கனத்த கதவை முதுகால் தள்ளும் வேலை எப்படித் தெரியும்?