ஒரே உடம்ப வச்சு பத்து ஈவென்ட் பண்றது எப்படி

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சொல்லுவாங்க. 400 மீட்டர் ஓடிட்டு இருந்த நான் பத்து ஈவென்ட் சேர்ந்த டெகத்லானுக்கு மாறப்போறேன்னு சொன்னப்ப கூட ஓடுற ஒருத்தர் இதத்தான் சொன்னாரு. அதுல நியாயம் இருக்குற மாதிரிதான் அப்ப தெரிஞ்சுது, ஏன்னா முழுநேரமா விளையாடுறவங்களுக்கே ஒரு ஈவென்ட்ல நல்லா வர பல வருஷம் ஆகுது, வேலை முடிச்சுட்டு வாரத்துக்கு எட்டு ஒம்போது மணி நேரம் ட்ராக்குக்கு வர ஆளு அந்த நேரத்த பத்தா பிரிச்சா ஒரு ஈவென்டுக்கு ஒரு மணி நேரம் கூட தேறாது. ஆனா மூணு வருஷம் பண்ணிப் பாத்து, கொஞ்சம் படிச்சும் பாத்ததுல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. உடம்புக்கு பத்து ஈவென்ட்னு எதுவும் தெரியாது. அதுக்கு தெரிஞ்சது வேகம், தசைய எலும்போட கட்டி ஸ்பிரிங் மாதிரி துள்ளுற டெண்டான், எரிபொருள், அப்புறம் மூளை ஞாபகம் வச்சுக்குற அசைவுகள், அவ்ளோதான். அந்த நாலையும் சரியா புடிச்சா பத்தும் சேர்ந்து மேல வரும்.

டெகத்லான் தெரியாதவங்களுக்கு ஒரு தடவ சொல்லிடுறேன். மொத்தம் ரெண்டு நாள். மொத நாள் 100 மீட்டர், லாங் ஜம்ப், குண்டு எறியுற ஷாட் புட், ஹை ஜம்ப், 400 மீட்டர். ரெண்டாவது நாள் தடை தாண்டி ஓடுற 110 மீட்டர் ஹர்டில்ஸ், தட்டு எறியுற டிஸ்கஸ், கம்பு ஊனி தாண்டுற போல் வால்ட், ஈட்டி எறியுற ஜாவலின், கடைசியா 1500 மீட்டர். பெண்களுக்கு பெரும்பாலும் ஏழு ஈவென்ட் இருக்குற ஹெப்டத்லான். எதுலயும் மொதல்ல வரணும்னு கட்டாயம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் கிடைக்குற பாயிண்ட கூட்டித்தான் பாப்பாங்க. அதனால பாயிண்ட் எப்படி போடுறாங்கன்னு தெரியாம பிளான் போடுறது, சிலபஸ் தெரியாம பரீட்சைக்கு படிக்குற மாதிரி.

100 மீட்டருக்கு கணக்கு இப்படி. 18-லேர்ந்து உங்க டைம கழிக்கணும், வர்றத 1.81 அடுக்குக்கு உயர்த்தி 25.4347-ஆல பெருக்கணும். 12.0 செகண்ட் ஓடுனா 651 பாயிண்ட், 11.9 ஓடுனா 671. ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்க கழட்ட எத்தனை மாசம் ஆகும்னு ஓடுறவங்களுக்கு தெரியும், அதுக்கு கிடைக்குறது 20 பாயிண்ட். இப்ப மத்ததையும் பாருங்க. ஷாட் புட்ல 10 மீட்டர 11 ஆக்குனா 60 பாயிண்ட் கூடும். 1500 மீட்டர்ல 5 நிமிஷத்த 4 நிமிஷம் 50 செகண்ட் ஆக்குனா 59 கூடும். போல் வால்ட் தெரியாதவனுக்கு அங்க பூஜ்யம்தான், அவன் 3 மீட்டர் தாண்ட கத்துக்கிட்டா ஒரே தாவா 357! இதே 357 பாயிண்ட 100 மீட்டர்ல எடுக்கணும்னா 12.0 ஓடுறவன் 10.36 ஓடணும், அது எத்தனை வருஷம் தலைகீழா நின்னாலும் என்னால நடக்காத காரியம். மொத வருஷம் நான் எனக்கு புடிச்ச 400-ஐயே ஓடி ஓடி மூணு செகண்ட் கொறைச்சேன், போல் வால்ட் கம்ப தொடவே பயந்தேன். எனக்கு நல்லா வர்ற ஈவென்ட்ல கூட்டுறதுக்கு கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு, எனக்கு வராத ஈவென்ட்லதான் பாயிண்ட் அப்படியே கொட்டிக் கிடந்துச்சு, இத அந்த வருஷமே உக்காந்து கணக்கு போட்டு பாத்திருக்கணும்.

சரி, இப்ப வேகத்துக்கு வருவோம். 100, 400, ஹர்டில்ஸ் ஓட்டம்தான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா லாங் ஜம்பும் போல் வால்டும் கூட முக்கால்வாசி ஓட்டம்தான். போல் வால்ட்ல நடக்குறது என்னன்னா ஓட்டத்துல இருக்குற இயக்க ஆற்றல் வளையுற கம்புக்குள்ள போய் உக்காருது, கம்பு நிமிரும்போது அது உயரமா திரும்பி வருது. ஸ்கூல்ல படிச்ச கணக்குதான், வேகத்தோட வர்க்கத்த புவியீர்ப்பு முடுக்கத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்துல வந்தா 3.26 மீட்டர் உயரத்துக்கான ஆற்றல் கையில இருக்கு, 9 மீட்டர் வேகத்துல வந்தா 4.13 மீட்டர். நம்ம உடம்போட நிறை மையம் நிக்கும்போதே தரையிலேர்ந்து சுமார் ஒரு மீட்டர் மேல இருக்குறதால அது கூடுதல் லாபம். இழப்பும் உண்டு, கையால தள்ளி ஏத்துற வேலையும் உண்டு, அத விடுங்க. வேகம் ஒரே ஒரு மீட்டர் கூடுனதுக்கு உயரம் 87 சென்டிமீட்டர் கூடுது பாருங்க, வர்க்கம் இருக்குற இடத்துல எல்லாம் இப்படித்தான். ஷாட், டிஸ்கஸ், ஜாவலின் மூணுலயும் கைய விட்டு போற வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் ஏறக்குறைய தூரம் வரும்.

லாங் ஜம்ப்ல பல பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. எறியுற பொருள் 45 டிகிரில போனாத்தான் ரொம்ப தூரம் போகும்னு புத்தகத்துல படிச்சிருப்போம், அதனால கிளம்புற பலகையான போர்டுல கால வச்சதும் மேல எகிற பாப்போம். ஆனா பெரிய பெரிய ஜம்பருங்க எல்லாம் கிளம்புறது சுமார் 20 டிகிரிலதான். ஏன்னா 45 டிகிரி வேணும்னா முன்னாடி போற வேகத்துக்கு சமமா மேல போற வேகமும் வேணும், போர்டுல கால் இருக்குறதோ சுமார் 0.12 செகண்ட், அதுக்குள்ள ஒரு மனுஷ கால் அவ்ளோ மேல்வேகத்த தரவே முடியாது. வலுக்கட்டாயமா எகிறுனா முன்வேகம்தான் செத்துப்போகும். ஓடி வந்த வேகத்த முடிஞ்ச அளவு காப்பாத்திக்கிட்டு அதுல கொஞ்சம் மட்டும் மேல திருப்புறதுதான் லாங் ஜம்ப்.

அந்த 0.12 செகண்ட்ல இன்னொரு சங்கதி இருக்கு, எனக்கு இந்த விளையாட்டுல ரொம்ப ஆச்சரியமா தோணுறது அதுதான். ஒரு தசை தன்னோட முழு பலத்துக்கு வர 0.3 செகண்டோ அதுக்கு மேலயோ ஆகும். ஸ்ப்ரிண்ட்ல நல்ல ஓட்டக்காரங்க பாதம் தரையில இருக்குறது ஏறக்குறைய 0.1 செகண்ட்தான். அப்ப தசை முழுசா முறுக்கேறுறதுக்குள்ள கால் தரைய விட்டு போயிடுது! பிறகு எப்படி தள்ளுறோம்? கால் தரையில படுறதுக்கு முன்னாடியே மூளை கெண்டைக்கால் தசைய இறுக்கி தயாரா வச்சிடுது, பாதம் பட்டதும் குதிகால் மேல இருக்குற அக்கிலீஸ் டெண்டான் ரப்பர் மாதிரி இழுபட்டு, உடனே சுருங்கி தள்ளி விடுது. நாம 'நரம்பு இழுத்துக்கிச்சு'ன்னு சொல்றோமே அந்த இடம்தான், ஆனா அது நரம்பு கிடையாது, கொலாஜன்ங்கற புரத இழையால ஆன கயிறு. கயிறு எவ்ளோ விறைப்பா இருக்கோ அவ்ளோ சீக்கிரம் துள்ளும். பிளையோமெட்ரிக்ஸ்னு பாக்ஸ் மேல குதிக்குறது, ஒத்தக்கால்ல தாவிக்கிட்டே போறது எல்லாம் இந்த கயித்த விறைப்பாக்கத்தான். 100, லாங் ஜம்ப், ஹை ஜம்ப், ஹர்டில்ஸ், ஜாவலின்ல கடைசில ஊனி நிறுத்துற கால் வரைக்கும் எல்லாத்துக்கும் அதே துள்ளல்தான் வேணும், அதனால வாரத்துல ரெண்டு நாள் இதுக்கு குடுக்குற இருபது நிமிஷம் பாதி டெகத்லானுக்கு போய் சேருது.

இங்கதான் ஆபத்தும். தசை ரெண்டு மாசத்துல கண்ணுக்கு தெரியுற அளவு பலமாகும், டெண்டானுக்கு ரத்த ஓட்டம் கம்மி, மாற்றம் மெதுவா மாசக்கணக்குல வரும். எட்டாவது வாரத்துல நமக்கு பலம் வந்துட்டதா தோணும், குதிக்குற எண்ணிக்கைய ஏத்துவோம், புது தசை பழைய கயித்த இழுக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. காலையில எந்திரிச்சு மொத பத்து அடி வைக்கும்போது குதிகால் மேல விறைப்பா வலிச்சுது, நடந்தா சரியாயிடுதேன்னு விட்டுட்டேன், நாலு மாசம் ஓட முடியாம போச்சு. காலையில மொத அடில வலின்னா அத மதிக்கணும்.

எரிபொருள் கதை வேற. தசைக்கு நேரடி எரிபொருள் ஏடிபி, கையிருப்பு ரெண்டு மூணு செகண்டுக்குத்தான் வரும். அது தீரத்தீர கிரியேட்டின் பாஸ்பேட் உடனுக்குடனே நிரப்பும், அதுவும் பத்து செகண்ட் வாக்குல பெரும்பாலும் காலி. அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸ உடைக்குற வழி, 400-ல கடைசி நூறு மீட்டர்ல கால் கல்லா மாறுறது அதோட பக்க விளைவு. 1500-ல பெரும்பங்கு ஆக்சிஜன் வழியாத்தான். பத்து ஈவென்ட்ல எட்டு, பத்துப் பதினஞ்சு செகண்டுக்கு மேல போகாத வெடிப்பு வேலை, அதனால கிரியேட்டின் பாஸ்பேட்தான் நம்ம முக்கிய பேங்க் அக்கவுண்ட்னு வச்சுக்கலாம். காலியான அக்கவுண்ட் பாதி நிரம்ப அரை நிமிஷம் வாக்குல ஆகும், ஏறக்குறைய முழுசா நிரம்ப மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம். நேரம் இல்லாத அமெச்சூர் ஆளுங்க 60 மீட்டர் ஸ்ப்ரிண்ட ஒரு நிமிஷ இடைவெளில பத்து தடவ ஓடி வேர்த்து விறுவிறுத்துப் போய் நல்ல ட்ரெய்னிங்னு திருப்தியா வீட்டுக்கு போவோம், ஆனா மூணாவது ஓட்டத்துக்கு மேல அது வேகப் பயிற்சியே கிடையாது, களைப்போட ஓட பழகுற பயிற்சி. நாலே நாலு ஓட்டம், நடுவுல அஞ்சு நிமிஷம் சும்மா நடக்குறது, இது சோம்பேறித்தனம் மாதிரி தோணும், ஆனா வேகம் இப்படித்தான் கூடும்.

அப்ப 1500-க்கு என்ன பண்றது? 1980-ல ராபர்ட் ஹிக்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் மூணு குழுவ பத்து வாரம் கவனிச்சாரு. ஒரு குழு பளு தூக்குச்சு, ஒண்ணு ஓட்டம் சைக்கிள்னு தாங்குதிறன் பயிற்சி பண்ணுச்சு, மூணாவது குழு ரெண்டையும் பண்ணுச்சு. ரெண்டையும் பண்ணவங்களுக்கு மொத ஏழு வாரம் பலம் நல்லாத்தான் ஏறுச்சு, அப்புறம் நின்னுச்சு, கடைசில கொறையவும் ஆரம்பிச்சுது. நெடுந்தூர பயிற்சி செல்லுக்குள்ள ஆற்றல் கம்மியா இருக்குன்னு ஏஎம்பிகே-ங்கற ஒரு என்சைம தட்டி எழுப்புது, அது தசைய வளக்குற எம்டார்-ங்கற சிக்னல அடக்குதுங்கறது இதுக்கு சொல்ற விளக்கத்துல ஒண்ணு. ஹிக்சன் குடுத்த பயிற்சி ரொம்ப கடுமையானது, வாரத்துக்கு ஒரு தடவ இருபது நிமிஷம் ஓடுறதால வேகம் செத்துடாது. ஆனா ரெண்டையும் அளவில்லாம பண்ணா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்தான். 2018-ல பிரான்ஸ் டெகத்லான் வீரர் கெவின் மேயர் 9126 பாயிண்டோட உலக சாதனை வச்சப்ப 100 மீட்டர் 10.55-க்கு அவருக்கு 963 பாயிண்ட், 1500-ஐ ஓடுனது 4 நிமிஷம் 36.11 செகண்ட், அதுக்கு வெறும் 705. பத்துல அதுதான் அவருக்கு ரொம்ப கம்மி. அவர் உடம்பு வேகத்துக்காக கட்டுன உடம்பு, 1500-க்காக அத கலைச்சா மத்த எட்டு ஒம்போதுலயும் நஷ்டம். நான் வாரத்துல ஒரே ஒரு நாள் மட்டும், பளு தூக்குற நாள்லேர்ந்து தள்ளி, 1500-க்கு குடுக்குறேன்.

அசைவ கத்துக்குற விஷயத்துல டெகத்லான்காரனுக்கு நல்ல சேதி இருக்கு. 1979-ல ஷே, மார்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பண்ண சோதனையில ஆளுங்களுக்கு மூணு விதமான கை அசைவ கத்துக்குடுத்தாங்க. ஒரு குழு ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததுன்னு பழகுச்சு, இன்னொரு குழு மாத்தி மாத்தி கலந்து பழகுச்சு. பழகும்போது மொத குழுதான் நல்லா பண்ணுச்சு. பத்து நாள் கழிச்சு கூப்ட்டு பாத்தா கலந்து பழகுனவங்கதான் மேல. ஒவ்வொரு தடவையும் மூளை அந்த அசைவ புதுசா தேடி எடுத்து கட்ட வேண்டியிருக்கு, அந்த தேடல்தான் ஞாபகத்த பலப்படுத்துது. அதனால அஞ்சு ஷாட், பிறகு ரெண்டு ஹர்டில், திரும்ப அஞ்சு ஷாட்னு போறப்ப அன்னிக்கு எல்லாமே சொதப்புற மாதிரி தெரிஞ்சாலும் மனசு உடைய வேண்டாம். போட்டில டிஸ்கஸுக்கு மூணே மூணு வாய்ப்பு, அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஹர்டில்ஸ் முடிச்சிருப்போம், மொத எறிலயே அந்த அசைவு கைக்கு வந்தாகணும்.

கடைசியா ரன்-அப், அதாவது தாவுறதுக்கு முன்னாடி ஓடி வர்ற ஓட்டம். லாங் ஜம்ப்ல போர்ட தாண்டி கால் வச்சா ஃபவுல், அந்த ஜம்ப் போச்சு. நாப்பது மீட்டர் வேகமா ஓடி வந்து இருபது சென்டிமீட்டர் பலகையில எப்படி சரியா கால் வைக்குறோம்? 1982-ல லீ, லிஷ்மன், தாம்சன்னு மூணு ஆராய்ச்சியாளருங்க தேர்ந்த ஜம்பருங்கள படம் புடிச்சு அளந்தாங்க. ஒரே மாதிரி அடி வைக்க எவ்ளோ பழகியிருந்தாலும், ஒவ்வொரு அடிலயும் சின்ன சின்ன பிசகு சேந்துக்கிட்டே போய் போர்டு பக்கத்துல வரும்போது முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கிட்ட தவறியிருந்துச்சு. கடைசி சில அடில அவங்க கண்ணால போர்ட பாத்து, தனக்கே தெரியாம, அடிய நீட்டி சுருக்கி அத சரிபண்ணிடுறாங்க. அதாவது இது டேப் வச்சு அளக்குற வேலை மட்டும் இல்ல, கண்ணுக்கும் பழக்கம் வேணும். 2018 ஆகஸ்ட்ல பெர்லின்ல நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல மேயர் 100 மீட்டர நல்லா ஓடிட்டு வந்து லாங் ஜம்ப்ல மூணு தடவையும் ஃபவுல் பண்ணாரு, பூஜ்யம், போட்டிய விட்டே வெளிய போனாரு. அந்த 9126 வந்தது அதுக்கு அடுத்த மாசம், அதுல லாங் ஜம்ப் 7.80 மீட்டர். நான் இப்ப ரன்-அப்ப தனியா, கால் புதுசா இருக்கும்போது பழகுறத நிறுத்திட்டேன். ரெண்டு ஸ்ப்ரிண்ட் முழு வேகத்துல ஓடி முடிச்சு, அரை மணி நேரம் உக்காந்து, உடம்பு லேசா ஆறுனப்புறம் மூணே மூணு தடவ மட்டும் ஓடி வந்து கால் எங்க விழுதுன்னு பாக்குறேன்.