எர்த் பின்னை முறிக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் ராயபுரம் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள் அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி, அதாவது ஆம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். "அண்ணா, பெட்டி வேலை செய்கிறது. கிட்டார் மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கிறது" என்றான் ஒருவன். பெட்டியின் பின்பக்கத்தில் 'உபயம்' என்று தொடங்கிப் பெரிய பட்டி ஒட்டியிருந்தது. நான் முதலில் பார்த்தது பிளக்கை. மூன்று பின்களில் தடித்த பின்னைக் காணவில்லை. குறடு வைத்து முறித்த தடம் தெரிந்தது. மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருடன் இணைத்தபோது 'ஹம்' என்ற இரைச்சல் வந்ததாம். எர்த் பின்னை எடுத்தால் போய்விடும் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னாராம். போயும் விட்டதாம்.

போகத்தான் செய்யும். கூடவே உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். உள்ளே வயரின் காப்புறை விட்டுப்போய் 230 வோல்ட் உலோகச் சட்டத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை ஃபியூஸ் போவதோடு கதை முடியும். எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் கேபிளின் மேல்வலை (உள் வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக ஜாக்குக்கும், பல கிட்டார்களில் கம்பிகளுக்கும் வந்து காத்திருக்கும். வாசிப்பவரே பாடினால் உதடு மைக்கில் படும். மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவர் உடம்பு. 1972இல் வேல்ஸில் உள்ள சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். நம் தெருமேடைகளில் கம்பத்திலிருந்து இரண்டு வயர் மட்டும் இழுத்து லைன் கொடுப்பார்கள். அங்கே எர்த் என்ற பேச்சே கிடையாது. மேடைக்காரரிடம் எர்த் உண்டா என்று கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைக் குழுவின் செலவிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தகரச் சத்தத்துக்கு வருவோம். "கிட்டாரை எந்த ஓட்டையில் சொருகினீர்கள்?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லைன் இன் என்ற சாக்கெட்டில் சொருகியிருந்தார்கள். ஜாக் உள்ளே போனால் சரியான இடம் என்பதே நம்மில் பலரின் கணக்கு.

அக்கூஸ்டிக் கிட்டாரில் பெரும்பாலும் கம்பிகளைத் தாங்கும் பாலத்து எலும்புக்கு அடியில் பீசோ பட்டை ஒன்று இருக்கும். வயலினிலும் வீணையிலும் ஒட்டும், அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்புகளில் பலவும் இதே சாதிதான். அழுத்தினால் மின்னழுத்தம் தரும், ஆனால் அதை இழுத்து வேலை வாங்க முடியாது. அதனால் அது சேரும் வாசலின் மின்தடை குறைந்தது 10 லட்சம் ஓம் இருக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய சாக்கெட் அப்படிப்பட்டது. லைன் சாக்கெட்டில் பல நேரம் 10 ஆயிரம் ஓம்தான் இருக்கும். அங்கே பீசோவைச் சொருகினால் பேஸ் முழுவதும் கரைந்து மேல்சுரங்களின் கீறல் மட்டும் மிஞ்சும். பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. ஜாக்கை இடம் மாற்றினேன், கிட்டாருக்கு உடம்பு வந்துவிட்டது.

கிட்டாருக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியும் சிக்னலை அங்கேயே பெருக்கும் ப்ரீஆம்பும் இருந்தால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவை தரும் சிக்னல் வலுவானது. கெயினைக் குறைத்தும் ஒலி பிசிறினால் பேட் என்ற பொத்தானை அழுத்துங்கள், 10 டெசிபல் அளவுக்குக் குறையும். வாசித்து முடித்ததும் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கிட்டார்களில் ஜாக் சொருகியிருப்பதே பேட்டரிக்கு சுவிட்ச். இரவெல்லாம் சொருகி வைத்துவிட்டு, காலையில் கிட்டார் செத்துவிட்டது என்று வருபவர்களுக்கு நான் பேட்டரிக்கு மட்டும்தான் காசு வாங்குவது.

கெயினுக்கும் மாஸ்டருக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டும் சத்தம்தானே என்பார்கள். கெயின் உள்ளே வருவதை எவ்வளவு பெருக்குவது என்பது. மாஸ்டர் வெளியே எவ்வளவு விடுவது என்பது. நீங்கள் வாசிக்கக்கூடிய மிகப் பலமான தட்டலை வாசித்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியதும் கொஞ்சம் இறக்குங்கள். அதன் பிறகு மாஸ்டர். கெயினைத் தரையில் வைத்துவிட்டு மாஸ்டரை உச்சிக்கு ஏற்றினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். பேஸ், ட்ரெபிள் குமிழ்களைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் வைத்துத் தொடங்குங்கள், கூட்டுவதைவிடக் குறைத்துப் பழகுங்கள்.

நாட்ச், ஃபேஸ் ஆகிய இரண்டையும் பலர் வாங்கிய நாள் முதல் தொட்டதே இல்லை. ஊளை பிடிப்பதற்கு எதிராக இருப்பவை இவைதான். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே குமுறும். ஸ்பீக்கர் அதே சுரத்தைத் திருப்பி ஊட்டினால் பானைக்குள் ஊதுவதுபோல் ஊளை எழும். மேடை ஏறும் முன் வேண்டுமென்றே வால்யூமை ஏற்றி அந்த ஊளையை வரவழையுங்கள். ஒரு சுரத்தை மட்டும் வெட்டும் நாட்ச் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஊளை சட்டென்று அடங்கும், அங்கேயே விட்டுவிடுங்கள். ஃபேஸ் பொத்தான் சிக்னலைத் தலைகீழாக்குகிறது. சில நேரம் உதவும், சில நேரம் கெடுக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து அதில் பாதி, அதாவது ஐந்தரை அடி தள்ளி நின்றாலே பொத்தானை அழுத்தியதற்குச் சமம். அதனால் நிற்கப்போகும் இடத்தில் நின்று சோதியுங்கள்.

போனை இணைப்பதற்கு ஆக்ஸ் சாக்கெட் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஸ்டீரியோ கேபிளை, இரண்டு வயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் சமன்செய்த (பேலன்ஸ்டு) மோனோ சாக்கெட்டில் சொருகினால், இடமும் வலமும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கும் பாடகர் குரல்தான் முதலில் காணாமல் போகும். வியாசர்பாடியில் ஒரு வரவேற்பில் பாட்டு ஓடியது, பாடியவரைக் காணவில்லை. அரை மணி நேரம் போனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

காசிமேட்டுக் காற்றின் உப்பு எந்த உலோகத்தையும் விடாது. எஃபெக்ட் கருவியை இடையில் இணைக்க செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும் பெட்டிகளில் பலவற்றில், ரிட்டர்னில் எதுவும் சொருகாதபோது உள்ளிருக்கும் சிறு தகடு சிக்னலைக் கடத்திவிடும். அந்தத் தகடு களிம்பு பிடித்தால் ஒலி விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் மங்கும். ஒரு சிறு கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். ஒலி திரும்பினால் பழுது அந்தத் தகட்டில்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக்கைப் பத்து முறை சொருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியைக் கழுவ எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

சபைப் பெட்டிக்கு வருகிறேன். ஹம் எங்கிருந்து வந்தது? ஆம்ப் தன் பிளக் வழியாக எர்த்தில் இருக்கிறது. மிக்ஸர் ஹாலின் மறுகோடியில் வேறொரு பிளக்கில் இருக்கிறது. ஆம்பிலிருந்து மிக்ஸருக்குச் சிக்னல் அனுப்பும் சாக்கெட் டி.ஐ. அவுட். அதில் சொருகும் கேபிளின் மேல்வலை இரண்டையும் சேர்த்ததும் ஒரு பெரிய வளையம் உருவாகிறது. அந்த வளையத்தில் ஊரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் ஹம். வெட்ட வேண்டியது அந்த மேல்வலை இணைப்பை மட்டும். அதற்கென்றே டி.ஐ. அவுட் பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற பொத்தான் வைத்திருக்கிறார்கள். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

புது மூன்று பின் பிளக் மாட்டினேன். கடையில் இருந்த மிக்ஸருடன் இணைத்ததும் ஹம் அப்படியே திரும்பி வந்தது. பையன்களின் முகம் விழுந்தது. டி.ஐ. அவுட் அருகே விரலால் தடவினேன், உபயப் பட்டிக்கு அடியில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. பட்டியின் மேலேயே அழுத்தினேன். ஹம் நின்றது.

"அதை உரித்தால் கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் அண்ணா" என்றான் சின்னவன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பெயர் கிழியாமல் எடுத்து, இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டிக்கொடுத்தேன்.