முதல் காரைப் புதுப்பிக்கும்போது பணம் எங்கே போக வேண்டும்?

கோவையில் நான் நடத்தும் பட்டறைக்குப் புதுப்பிப்பதற்காக வரும் பழைய கார்களில் பெரும்பாலானவை மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி உரிமையாளர் கைக்குப் போனதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, நம் ஊர்களில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கிய முதல் கார் என்றால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்பா கடன் போட்டு வாங்கியது, தங்கை திருமணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போனது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. ஆகவே விற்க மனம் வராமல் செப்பனிட்டு வைத்துக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. தவறு பணம் செலவழிக்கும் வரிசையில்தான் நேர்கிறது. வருபவர்கள் முதலில் கேட்பது புது பெயிண்ட், அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், முடிந்தால் பெரிய எஞ்சின். வண்டியை நிறுத்தும் பிரேக்கையும் நம்மைத் தாங்கும் தரைத்தகட்டையும் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கையில் பணம் எடுப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆய்வில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கென்று வந்த உத்தரவுகளைச் செய்தியில் படித்துவிட்டு, 15 ஆண்டு ஆனாலே வண்டி காயலாங்கடைக்குப் போக வேண்டியதுதான் என்று இங்கே பலர் நம்புகிறார்கள், அப்படியில்லை. ஆனால் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு அதன் பின்னர் இன்னும் கூடியிருக்கிறது. பசுமை வரி தனி. பதிவு காலாவதியாகி ஷெட்டில் நின்ற வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு, ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் வெவ்வேறு என்று தெரியவந்தால் அந்தச் செலவு முழுவதும் முடங்கிவிடும். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் துடைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அடுத்து உடல். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் (ஃபிரேம்) கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் மேல்முனை பொருந்தும் கோபுரம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. துரு பிடிப்பதும் இந்த இடங்களில்தான். ஏசி தண்ணீரோ மழைத் தண்ணீரோ தரைவிரிப்புக்கு (மேட்) அடியில் தேங்கினால் வெளியே தெரியாது. தரையில் இருக்கும் வடிகால் துளைகளை ரப்பர் ஷீட் போட்டு யாராவது அடைத்திருப்பார்கள். பேட்டரித் தட்டில் அமிலம் சிந்திய இடம் அரித்துப்போயிருக்கும். சென்னையிலிருந்து வரும் வண்டிகளில் உப்புக் காற்றின் வேலையும், வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் உள்ளிருந்து வெளியே வரும் துருவும் கூடுதல். ஆகவே விலை பேசும் முன் மேட்டையும் சீட்டையும் முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகட்டின் ஓசையும் செத்த தகட்டின் ஓசையும் வேறுவேறாகக் கேட்கும். துணி சுற்றிய காந்தத்தை வெளித்தகட்டின் மேல் நகர்த்தினால், எங்கே அது பிடிக்காமல் நழுவுகிறதோ அங்கே தடிமனான பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது.

துரு பிடித்த இடத்தைச் சுரண்டி, ஃபைபர் ஒட்டி, பட்டி தேய்த்து, மேலே பளபளவென்று அடித்துக் கொடுப்பது மலிவான வேலை. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கலாம். ஆனால் சீட் பெல்ட்டின் போல்ட் இறங்கும் இடத்தில் அப்படிச் செய்தால் அந்த பெல்ட் கட்டியும் கட்டாததற்குச் சமம். காற்றுப்பை இல்லாத வண்டியில் நமக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள். செத்த தகட்டை நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத்தகடு வைத்து மிக் வெல்டிங் செய்து, உட்புறத்திலும் துருத்தடுப்பு பூச வேண்டும். வெல்டிங்கின்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பெட்ரோல் டேங்கை இறக்குவது ஆகியவற்றைச் சோம்பலில் விட்டுவிடும் டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும், பட்டி போடுவதற்கு முன், கைபேசியில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரேக்கைப் பொறுத்தவரை, நீண்ட நாள் நின்ற வண்டியில் ரப்பராக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. மாஸ்டர் சிலிண்டர் கிட், பின்சக்கர வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் என்று அனைத்தையும் மாற்றிவிடுவதே சிக்கனம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலைக்குக் குறைந்தபட்ச அளவு 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 டிகிரி. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள்; இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால், பழைய திரவம் சிலிண்டருக்குள் கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை போகும். உலோகக் குழாய்கள் வண்டியின் அடியில் கிளிப் பிடிக்கும் இடங்களில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். அவற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கதவு, பம்பர், டேஷ்போர்டு எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக் பாகம், ஸ்டியரிங் ராட், பால் ஜாயிண்ட், சீட் பெல்ட் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

பெட்ரோல் பாதைக்கு இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அப்படியில்லை. ஹோஸ் ஊறி மெத்தென்றாகும், பம்ப் டயாஃப்ரம் விறைக்கும், மாதக்கணக்கில் நின்றால் எத்தனால் இழுத்த தண்ணீர் அடியில் பிரிந்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். தானாகச் சரிசெய்துகொள்ளும் சென்சார் இல்லாத கார்புரேட்டரில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகவும் ஓடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை புதிதாக இழுத்து, கிளாம்புகளையும் மாற்றுங்கள். எஞ்சின் அறையில் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

அதே எஞ்சின் அறையில் தீப்பொறி எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் நாமே சேர்த்த ஒயரிலிருந்து. வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 வாட் பல்பை மாட்டுகிறார்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஹைபீமில் 10 ஆம்பியர் ஓடிய ஒயரில் இப்போது 16 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்ச் கருகும், ஃபியூஸ் அடிக்கடி போகும், உடனே யாராவது பெரிய ஃபியூஸைச் செருகிவிடுவார்கள். ஃபியூஸ் போவது ஒயரைக் காப்பாற்றத்தான் என்பதை மறந்துவிட்ட நிலையில் அடுத்து எரிவது ஒயரே. சட்டப்படியும் அந்த வாட் பல்புக்கு இடமில்லை. அதே 60/55 பல்பையே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மின்சாரம் கொடுங்கள். மின்னழுத்த இழப்பு குறைந்து வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும்.

எஞ்சின் வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை நன்கு அறிந்த கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். பிரித்தால், அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் வயதையும் பார்த்து மாற்ற வேண்டியது.

பெரிய எஞ்சின் மாற்றும் ஆசைக்கு மட்டும் நான் இணங்குவதில்லை. மாருதி எஸ்டீம் காரின் 1300 சிசி எஞ்சினை 800க்குள் இறக்கிக் காட்டும் காணொளிகள் ஏராளம். ஏறக்குறைய 37 குதிரைத்திறனுக்கும் 650 கிலோ எடைக்கும் கணக்கிட்ட பிரேக், ஆக்சில், ரேடியேட்டர், உடல் ஆகியவற்றின் மேல் அந்தச் சுமை போகிறது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரின் பெயர் அந்தச் சம்மனில் இருக்காது. பழைய எஞ்சின் தேறாமல் அதே வகை எஞ்சினை வைத்தாலும், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீது அவசியம். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் திருத்த வேண்டும்.

அலாய் வீலுக்கு வருகிறேன். அசல் 145/70 ஆர்12 டயரின் விட்டம் ஏறக்குறைய 508 மில்லிமீட்டர். பலர் மாட்டும் 155/65 ஆர்13 டயரின் விட்டம் 532. ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான இந்த வித்தியாசத்தால், ஸ்பீடோமீட்டரில் தெரிவதைவிட வண்டி வேகமாகப் போகும், இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்வளைவில் உரசவும் கூடும். வெளியே துருத்தி நிற்கும் வீல் என்றால் பேரிங்கும் சீக்கிரம் போகும். அசல் அளவிலேயே நல்ல புது டயர் போட்டால் அழகுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

செய்யத்தக்க மாற்றங்களும் இருக்கின்றன: மேலே சொன்ன ரிலே, பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்சீட்டுக்குப் புதிய மூன்றுமுனை பெல்ட், நல்ல குஷன். ஏசி இல்லாத வண்டிக்கு ஏசி வைப்பதென்றால் ரேடியேட்டர், ஃபேன், ஆல்டர்னேட்டர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இல்லையேல் முதல் மே மாதத்திலேயே ஹெட் கேஸ்கெட் போகும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்த மாற்றத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது. நீங்கள் செலவழித்த தொகை தானாக அதில் ஏறாது. ரசீதுகளையும் வேலைப் படங்களையும் காட்டிக் கேட்டால்தான் ஓரளவாவது உயரும்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் மலைக்குக் கிளம்ப வேண்டாம். எஞ்சின் பிரித்துச் சேர்த்திருந்தால் முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமலும் எஞ்சினைத் திணற விடாமலும் ஓட்டி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இடையில் ஒரு முறை பட்டறைக்குக் கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றி, வீல் நட்டு, பிரேக் குழாய் இணைப்பு, பெட்ரோல் ஹோஸ் கிளாம்பு ஆகியவற்றை மறுபடி இறுக்கிப் பார்க்கச் செய்யுங்கள். அந்த மறுபரிசோதனைக்கான கூலியையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.