சிட்னியில் அசெம்பிள் செய்த எம்ஜிபி: தகட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

போன மாதம் ஒருவர் தன் எம்ஜிபி (MGB) ரோட்ஸ்டரை, அதாவது எம்ஜி நிறுவனத்தின் திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை, என்னிடம் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். 1966-ல் அவர் அப்பா சிட்னியில் புதிதாக வாங்கிய வண்டி. விலை பேச வந்த ஆள், "இந்த நிறம் இங்கிலாந்துப் பட்டியலிலேயே இல்லை, எண்ணும் வேறு மாதிரி இருக்கிறது, ஏதோ ஒட்டுப்போட்ட வண்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். மனிதர் முகம் வாடிப்போயிருந்தது.

பழைய கார்களைப் பரிசோதித்து மதிப்பிடுவது என் தொழில். இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. ஏனென்றால் அந்த வண்டி அசல். வந்தவர் கையில் இருந்த அளவுகோல்தான் தப்பு.

எம்ஜிபி இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரானது, ஐந்து லட்சத்துக்கும் மேல். ஆனால் 1963 முதல் 1972 வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ரோட்ஸ்டர்கள் உதிரிகளாகப் பெட்டியில் கப்பலேறி வந்தவை. சிட்னியில் முதலில் ஜெட்லாண்ட் ஆலையிலும் பிறகு என்ஃபீல்டிலும் உடலைப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, எஞ்சினை ஏற்றி முடித்தார்கள். மொத்தம் சுமார் 9,000 வண்டிகள். வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய உள்நாட்டுப் பாகங்களின் பங்கை அரசு ஏற்றிக்கொண்டே போனதால் 1972-ல் அது நின்றது.

பெட்டியில் வந்த வண்டிக்கு எந்த நிறம் அடித்தார்கள், எந்த நாளில் முடித்தார்கள் என்பதெல்லாம் சிட்னியில் நடந்த விஷயம். அதை இங்கிலாந்துப் பதிவேட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயின்ட் இங்கே கிடைத்தது, டயரும் பேட்டரியும் இங்கே போட்டது. இங்கிலாந்து மாடலில் ஒரு மாற்றம் வந்த பிறகும், கையிருப்பில் இருந்த பழைய உதிரிகள் தீரும்வரை இங்கே அவற்றையே மாட்டியிருப்பார்கள். அதைக் குறை என்று நினைப்பது சரியில்லை. அதுதான் அந்த வண்டியின் பிறப்புச் சான்று.

வண்டியின் தகட்டில் பொறித்த கார் எண் ஒய்ஜிஹெச்என் (YGHN) என்று தொடங்குவதைப் பாருங்கள். முன்னால் நிற்கும் ஒய் ஆஸ்திரேலியாவைக் குறிக்கும். ஜி என்பது எம்ஜி, ஹெச் எஞ்சின் அளவு, என் என்றால் இரண்டு இருக்கைத் திறந்த வண்டி. எம்ஜிபியின் கூரை மூடிய வகையான ஜிடி வண்டியில் யாராவது ஒய் தகட்டைக் காட்டினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஜிடி இங்கே அசெம்பிள் ஆகவே இல்லை.

தகடு ஒரு சின்னத் தகரத் துண்டு. கழற்றி இன்னொரு உடலில் மாட்ட அரை மணி நேரம் போதும். இப்போது நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். உள்ளூர் வண்டி துருவில் உளுத்துப்போயிருக்கும். அமெரிக்காவிலிருந்து துரு பிடிக்காத உடலை இறக்கி, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, பழைய ஒய் தகட்டை அதில் அடித்துவிடுவார்கள். மேலே புது பெயின்ட், பளபளவென்று இருக்கும்.

நான் கைவைக்கும் முதல் இடம் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் நிற்கும் உடல் பகுதி. 1968-க்குப் பிந்தைய அமெரிக்க ரோட்ஸ்டர்களுக்கு மூன்று வைப்பர், இங்கே இரண்டுதான்; அமெரிக்க உடலை மாற்றினால் மூன்றாவது துளையை அடைக்க வேண்டும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மேலே பட்டி போட்டு வழவழப்பாக்கிவிடலாம். அடிப்பக்கத்தில் துளையை அடைத்துப் பற்றவைத்த வட்டம் காசு ஒட்டியதுபோல் தெரியும். ஒரு வண்டியில் அதைக் கண்டதும் காந்தத்தை மேலே வைத்தேன்; அந்த இடத்தில் மட்டும் பிடிக்காமல் வழுக்கியது. விற்றவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அவரும் இப்படியே வாங்கியிருக்கிறார்.

அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட். அந்தக் கால அமெரிக்க எஞ்சின்களில் புகைக்கட்டுப்பாட்டுக் காற்று போக நான்கு துளைகள் உண்டு. பிற்பாடு அவற்றைத் திருகாணி போட்டு அடைத்திருப்பார்கள். ஹெட்டை மாற்றுவது சகஜம், அதனால் இது மட்டும் தீர்ப்பாகாது. ஆனால் அடைத்த வைப்பர் துளையும் சேர்ந்து நின்றால் அது அமெரிக்க உடல்தான், சந்தேகமே வேண்டாம். ஆவணம் 1965 என்கிறது, கியர்பாக்ஸை மூடும் தரை மேடோ 1967 கடைசியில் வந்த அகலமான வகை என்றாலும் உடல் அந்த வண்டியுடையது அல்ல.

காகிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். பழைய பதிவு வில்லை, சர்வீஸ் கூப்பன் புத்தகம், ஒர்க்‌ஷாப் பில், நம்பர் பிளேட் தெரிகிற கல்யாணப் போட்டோ எல்லாமே சாட்சி. வண்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முழு உடலையும் சுரண்டிப் பெயின்ட் அடித்தபின் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, அந்த 1966 வண்டிக்கு வருகிறேன். பெட்ரோல் டாங்கை இறக்கிப் பார்த்தோம். டிக்கித் தரையின் அடியில், இத்தனை வருஷம் டாங்க் மறைத்திருந்த இடத்தில், அதே நிறம் முதல் பூச்சாக இருந்தது, அதற்குக் கீழே வேறெதுவும் இல்லை. முன்கண்ணாடிக்கு அடியில் பற்றவைத்த தடம் எதுவும் இல்லை. உடையவர் தரையில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கவில்லையாம் இப்போது. டாங்கைத் திரும்ப மாட்டும்போது அந்த இடத்தில் புதுப் பூச்சு எதுவும் படக் கூடாது என்று அவரே மெக்கானிக்கிடம் சொன்னார்.